பரோட்டாக் கல்லுக்கு முன்னால் ஒரு ஜோடி இன்சோல்

1

போன திங்கட்கிழமையோடு நான் இந்த ஊரில் தபால் பை தூக்க ஆரம்பித்துப் பதினாறு வருஷம். ஊர் வின்னிபெக், கனடாவின் நட்டநடு. குளிர்காலத்தில் இங்கே வெளியே நின்று கொட்டாவி விட்டால் பல் கூசும். அன்றைக்குத் தபால் நிலையத்தில் எனக்காகக் கேக் வெட்டி, ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்கள். பிரித்தால் ஒரு ஜோடி இன்சோல். ஷூவுக்குள் உள்ளங்காலுக்கு அடியில் கிடக்குமே, தனியாகக் கழற்றி எடுக்கலாமே, அந்த அட்டைதான். மேலே கம்பளி, அடியில் வெள்ளித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். தபால்காரனுக்கு இதுதான் பொன்னாடை.

தென்காசியில் இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஷூவுக்குள் போடுகிற அட்டைக்கு ஒரு கட்டுரையா என்று. சிரித்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் நான் வாயைப் பிளந்து பார்த்த பொருள்களில் இதற்குத்தான் முதல் இடம். அதோடு, இந்த அட்டையை நான் நம்பியிருந்ததில் என் அக்கா புருஷன் கால் விரலை இழக்கப் பார்த்தார். தப்பு அவருடையதா என்னுடையதா என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

2

வந்த முதல் வருஷம் எனக்கு ஷூவுக்குள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாளெல்லாம் வீடு வீடாக நடை. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் ஆணி அறைந்த மாதிரி வலிக்கும். கடையில் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், காலுக்கு மெத்தை வேண்டும் என்று கேட்டேன். அந்தப் புண்ணியவான் கட்டில் விற்கிற கடைக்கு வழி சொன்னார்.

கடைசியில் வழிகாட்டியது கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரப் பெண்மணி ஒருவர். என் ஷூவைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருந்த அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். பெருவிரல், மற்ற விரல்கள், குதிகால் எல்லாம் கறுப்பாக அச்சு விழுந்து கிடந்தன. குதிகால் பக்கம் அட்டை காகிதமாகத் தேய்ந்திருந்தது. "உன் பாரம் எங்கே இறங்குகிறது என்று இதிலேயே எழுதியிருக்கிறது பார், இதைப் படிக்கத் தெரிந்தால் டாக்டரின் பாதி வேலை முடிந்தது" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் ஷூ கிடந்தாலும் அட்டையை உருவிப் பார்ப்பேன். என் மனைவி இதற்காகவே விருந்துகளுக்கு என்னோடு வரத் தயங்குகிறாள்.

ஷூவோடு வருகிற அட்டை பேருக்குத்தான். அதை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதைப் போட வேண்டும். மேலேயே இன்னொன்றைப் போட்டால் விரல் நெரியும். ஜெல் என்று ஒன்று உண்டு. கடையில் போட்டுப் பார்த்தால் அல்வாவில் நிற்கிற மாதிரி இருக்கும். இங்கத்திய ஜனவரியில் அது கல்லாகிவிடும், நம்பாதீர்கள். நுரை அட்டை நம் காலின் வடிவத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், சீக்கிரமே சப்பையும் ஆகிவிடும். கார்க்கில் செய்தது இருக்கிறதே, அது முதல் இரண்டு வாரம் நம்மைப் படாதபாடு படுத்தும். அப்புறம் காலைத் தெரிந்துகொண்டது என்றால் வருஷக்கணக்கில் விடாது. குதிகாலுக்கு மட்டும் கிண்ணம் போல ஒன்று உண்டு. விரல்வரை வராத முக்கால் அட்டை ஒன்று, ஆபீஸ் ஷூவுக்கு. கரித்தூள் சேர்த்தது நாற்றத்துக்கு. கம்பளியும் வெள்ளித்தாளும் பனிக்கு. தினமும் சாயங்காலம் கழற்றி, ஹீட்டர் வாய்க்குப் பக்கத்தில் காயப்போட்டால்தான் மறுநாள் கால் கால் மாதிரி இருக்கும்.

நம் காலுக்கென்றே அளவெடுத்துச் செய்வதும் உண்டு. அதற்கு ஒரு பெட்டி நிறைய நுரையில் காலை வைத்து அழுத்த வேண்டும். அது எளிது. இன்சூரன்ஸ்காரரிடம் அதைச் சொல்லி அனுமதி வாங்குவதுதான் கஷ்டம். டாக்டர் கடிதம், நடை பற்றிய அறிக்கை, படம், அப்புறம் ஒரு படிவம். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: இந்தப் பாதங்கள் உங்களுக்கு எப்போதிலிருந்து இருக்கின்றன? பிறந்ததிலிருந்து என்று எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

3

அக்கா புருஷன் பெயர் முருகையா. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் தாண்டி அவருடைய பரோட்டாக் கடை. சீசனில் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிற கூட்டம் பாதி அங்கேதான் இறங்கும். அக்கா சால்னாவையும் கல்லாவையும் பார்ப்பாள், அத்தான் கல்லில் நிற்பார். நான் காலேஜ் படித்த மூன்று வருஷமும் சாயங்காலம் அங்கே மேஜை துடைத்தவன். எங்கள் வீட்டில் நான் இவ்வளவு தூரம் வந்தது அந்தக் கல்லின் புண்ணியத்தில்தான்.

அத்தான் மாவு வீசுவதைப் பார்க்க வேண்டும். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், அந்த வீச்சு யாருக்கும் வராது. கை வீசுகிறது என்று நினைப்போம். இல்லை. இடது காலின் பெருவிரல் அடியில் உடம்பு மொத்தமும் ஒரு சுழற்சி திரும்பும், அந்த வேகம்தான் கைக்கு ஏறி மாவைக் கண்ணாடி மாதிரி விரிக்கும். ஒரு சாயங்காலத்துக்கு எத்தனை நூறு சுழற்சியோ.

பத்து வருஷமாக அவருக்குச் சர்க்கரை. மூன்று வருஷம் முன்பு போனில் ஒருநாள், "காலு மரத்த மாதிரி இருக்கு மாப்ள" என்றார். எனக்குப் பதறிவிட்டது. என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த வகை, வில் போல் வளைந்த கெட்டியான கார்க் இன்சோல், அதற்குத் தோதாக ஒரு ஷூ, இரண்டையும் பார்சல் செய்தேன். சுங்கப் படிவத்தில் உள்ளே என்ன என்ற இடத்தில் நானே எழுதி, நானே முத்திரை குத்தினேன். தபால்காரனுக்கு இந்த ஒரு சுகம் உண்டு. அதற்கப்புறம் வருஷம் தவறாமல் ஒரு ஜோடி.

ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "எப்படி இருக்கு அத்தான்?"

"சொகமா இருக்கு மாப்ள. மெத்தயில நிக்க மாதிரி இருக்கு."

கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். அக்கா மட்டும் அந்த நேரத்தில் போனை வாங்கி வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

4

இந்த வருஷம் ஜூன் கடைசியில் ஐந்து வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். சாரல் இறங்கியிருந்தது. பையை வீட்டில் போட்டுவிட்டு நேரே கடைக்குப் போனேன். பின்வாசலில், கூரைக்கு அடியில் நனையாமல், நான் அனுப்பிய ஷூ ஜோடியாக நின்றது. கை சும்மா இருக்குமா? உருவிப் பார்த்தேன்.

அட்டை பளிச்சென்று இருந்தது. விரல் அச்சு இல்லை, குதிகால் அச்சு இல்லை. கம்பெனிக்காரன் பொறித்த எழுத்துகூட அழியவில்லை. மாசக்கணக்கில் ஒரு மனிதன் ஏறி நின்ற அட்டை இல்லை அது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தான் கல்லுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று வீசிக்கொண்டிருந்தார். அவர் நிற்கிற இடத்தில் சிமெண்டுத் தரை இரண்டு பாதத்தின் அளவுக்குக் கறுத்து, வழவழத்து, லேசாகப் பள்ளம்கூட விழுந்திருந்தது. இன்சோலில் நான் தேடிய அச்சு அங்கே இருந்தது. இடது காலில் ஒரு துணிக்கட்டு, ஓரம் மஞ்சளாக ஊறியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடையில் அடுப்பு மூட்டியதும் கல்லுக்குச் சூடம் காட்டிக் கும்பிடுவார்கள். முதல் பரோட்டாவை விற்க மாட்டார்கள், பிய்த்துத் தீயில் போடுவார்கள். கல்லுக்கு முன்னால் யாரும் செருப்புக் காலோடு போக மாட்டார்கள். அத்தான் அந்த ஷூவை வீட்டிலிருந்து கடைக்கு வருகிற ஐந்து நிமிஷத்துக்குப் போட்டுவிட்டு, பத்து மணி நேரம் வெறுங்காலில் நின்றிருக்கிறார். இது எனக்குத் தெரியாத வழக்கமா? இதே பின்வாசலில் மூன்று வருஷம் என் செருப்பைக் கழற்றிப் போட்டவன் நான். அவர் ஒன்றையும் மறக்கவில்லை, மறந்தவன் நான்.

"என்னத்தான் இது? சொகமா இருக்குன்னீங்களே?" என்று கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

அத்தான் மாவை வைத்துவிட்டுத் தலை குனிந்தார். "நீ அங்கன பனியில நடந்து சம்பாரிச்சு அனுப்புத. நான் போடலன்னு சொன்னா ஒம்மனசு என்ன பாடு படும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஷூவைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன். அழுகை முந்திக்கொண்டது.

5

மறுநாளே திருநெல்வேலியில் சர்க்கரைக் காலுக்கென்று பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடுவார்களாம்; தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். அத்தான் கண்ணை மூடினார்.

"ஆமா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆமா."

"அண்ணாச்சி, நான் இன்னும் தொடவே இல்ல" என்றார் டாக்டரம்மா.

யாரையும் ஏமாற்றமடைய விடாத மனுஷன். என்ன செய்ய! அதற்கப்புறம் நிஜமாகவே தொட்டார். ஐந்து இடத்தில் நான்கில் அத்தான் வாயே திறக்கவில்லை.

பெருவிரல் அடியில், அந்தச் சுழற்சி திரும்புகிற அதே இடத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். வலி தெரியாததால் மூன்று மாசம் துணியைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். எலும்பை இன்னும் தொடவில்லை என்றார் டாக்டரம்மா. ஆறு வாரம் நிற்கக் கூடாது. ஆறிய பிறகும் அந்தத் தரையில் வெறுங்காலை வைக்கவே கூடாது. இன்னொரு தடவை திறந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று மறைக்காமல் சொன்னார்.

பையிலிருந்து என் கார்க் இன்சோலை எடுத்து நீட்டினேன். வாங்கி வளைத்துப் பார்த்தார். "ரொம்ப நல்ல சாமான். ஒங்களுக்கு. நடக்கிற காலுக்கு, வலி தெரியிற காலுக்கு இது சரி. மரத்த காலுக்கு இந்த மேடே புண்ணாக்கிரும். அண்ணாச்சி போடாததுதான் நல்லதாப் போச்சு" என்றார். பதினாறு வருஷம் நடந்து சேர்த்த என் ஞானம் ஒரு நிமிஷத்தில் தரையில் விழுந்தது.

அவருக்கு வேண்டியது வேறு. மிருதுவான மைக்ரோ செல்லுலார் ரப்பர், மேடு பள்ளம் இல்லாமல் சப்பையாக, புண் இருந்த இடத்துக்கு நேரே மட்டும் பாரம் விழாதபடி குடைந்து எடுத்தது. உள்ளே தையல் உறுத்தாத, எண்ணெய்த் தரையில் வழுக்காத மூடின ஷூ. போடும் முன் தினமும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், ஒரு சிறு கல் கிடந்தாலும் இந்தக் காலுக்குத் தெரியாது. ஒரு பையன் அளவெடுத்தான். ஒரு மாசத்தில் தயார் என்றார்கள்.

6

புளியங்குடியிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்தோம். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, அவர் வீசுவதைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கினார். புண் மூடி வந்தது. ஆனால் மனுஷன் ஒரே பிடியில் நின்றார்.

"வெரலு போனாலும் போட்டும் மாப்ள. செருப்போட அந்தக் கல்லு முன்னால நிக்க மாட்டேன். இத்தன வருசம் சோறு போட்ட கல்லு."

நான் எவ்வளவோ பேசினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், கனடாவைச் சொன்னேன், சத்தமும் போட்டேன். அக்கா என்னைப் பார்த்து, "ஏலே, நீ கொஞ்சம் சும்மா இருல. ஒனக்கு அங்கன உள்ளதுதான் தெரியும்" என்றாள். அது சுருக்கென்று தைத்தது. சரியாகவும் இருந்தது.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து ஷூ வந்தது. அக்கா பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. கைகால் கழுவிவிட்டு வந்து, பெட்டியை அப்படியே கடைக்குள் தூக்கிப்போய்க் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். ஷூவை எடுத்து ஒரு தாம்பாளத்தில் வைத்தாள். உள்ளேயிருந்து இரண்டு இன்சோலையும் உருவிப் பக்கத்தில் வைத்தாள். திருப்பிப் போடுகிற கரண்டி, மாவு வெட்டுகிற தகடு, எண்ணெய்ச் சட்டி எல்லாவற்றுக்கும் வைக்கிற மாதிரி அதற்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடத்தைக் கொளுத்தினாள். புளியங்குடி மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இது தெருவ மிதிச்சதில்ல. மிதிக்கவும் போறதில்ல" என்றாள் அத்தானிடம். "இந்த எடத்த விட்டு வெளிய வராது. கரண்டி மாதிரி இதுவும் கடச் சாமான். வெளிய போற செருப்ப எப்பவும் போல வாசல்ல போட்டுட்டு வாங்க. உள்ள வந்து இதப் போடுங்க."

அத்தான் கல்லைப் பார்த்தார்.

"ஏங்க, நாளைக்குக் காலு இல்லன்னா இந்தக் கல்லு முன்னால எதவச்சு நிப்பிய?"

அத்தான் இன்சோலைக் கையில் எடுத்து, அந்தக் குடைந்த குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "சரி, பாப்போம்" என்றார். அவ்வளவுதான். அந்த "பாப்போம்" மட்டும் காதில் இருக்க நான் விமானம் ஏறினேன்.

இங்கே நான் பார்த்த நிபுணர்கள் எத்தனையோ பேர். நுரையில் கால் பதிப்பவர்கள், கம்ப்யூட்டரில் நடையை அளப்பவர்கள், எல்லோரிடமும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு மனுஷனின் சாமியையும் விடாமல் அவன் காலையும் விடாமல் ஒரு வழி கண்டுபிடித்த என் அக்காவுக்கு முன்னால் அவர்கள் யாரும் நிற்க முடியாது. இதை அவளிடம் சொன்னால், "போலே கூறுகெட்டவனே" என்பாள்.

7

எங்களுக்கு ஒரே மகள். படிப்பு முடிந்து வான்கூவர் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். ஊரிலிருந்து திரும்பி வந்து அலமாரியை ஒழித்தபோது அவளுடைய பழைய ஓட்டப் பந்தய ஷூ கிடைத்தது. வழக்கம் போல உருவினேன். பெருவிரலைவிட நீண்ட இரண்டாவது விரல், வெளிப்பக்கம் சாய்ந்த குதிகால். அக்காவுக்கும் எனக்கும் இருக்கிற அதே கால். அந்த அட்டையை நான் குப்பையில் போடவில்லை.

8

அப்புறம் போனில் தினமும் கேட்டேன். "போடுறீங்களா அத்தான்?"

"சொகமா இருக்கு மாப்ள."

அதே வார்த்தை, அதே குரல். இதை எப்படி நம்புவது? மூன்று வருஷம் நம்பினேனே! ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் ஆஸ்பத்திரி என்ற சொல் வந்துவிடுமோ என்று நினைத்துக்கொண்டேதான் எடுப்பேன். அக்காவிடம் தனியாகக் கேட்கவும் பயமாக இருந்தது. புருஷனைக் காட்டிக்கொடுக்கிறவள் இல்லை அவள்.

கேக் வெட்டிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, விடியற்காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அங்கே சாயங்காலம் ஐந்து, கல் மூட்டுகிற நேரம். புதுக் கம்பளி இன்சோலைப் பூட்ஸுக்குள் தள்ளிக்கொண்டே வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டு, பரிசு வந்த கதையைச் சொன்னேன்.

"இங்க காட்டு, பாப்பம்" என்றாள். உருவிக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. நீ காட்டிட்டேல்லா, இப்ப நான் ஒண்ணு காட்டுதேன்."

போன் ஆடியது. கூரை தெரிந்தது, அடுப்பின் புகை தெரிந்தது. அத்தானின் குரல் எதற்கோ கத்தியது. பிறகு திரை முழுக்க ஒரு இன்சோல். இடது கால்.

நான் பூட்ஸைக் கீழே வைத்தேன். ரப்பர் முழுக்கக் கறுத்து, மாவும் எண்ணெயும் ஏறி, நான்கு மாசம் ஒரு ஆள் ஏறி நின்ற அட்டை. குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. குடைந்து எடுத்த குழி மட்டும் புதுசாகவே இருந்தது. பாரம் அங்கே விழவே இல்லை. அதற்கு மேலே விரல்களின் அச்சு. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினேன். ஐந்தும் இருந்தன.

"தெரியுதாலே?" என்றாள் அக்கா. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினேன்.

பின்னாலிருந்து அத்தானின் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது.

"ஏட்டி, மெத்தயக் கொண்டா! கல்லு காயுது. தரயில காலு வைக்காம ஒத்தக் கால்ல எம்புட்டு நேரம் நிக்க?"